தாவீது யாருக்குத் தாத்தா?

அத்தியாயம் 14

போன வாரம் சோனியாவைத் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தோம். கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் இரண்டு நகல், வயிற்றில் காலையிலிருந்து ஒரு டீ. பாவம், அந்தப் பெண் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தாளா, சாப்பிட்டாளா என்று கவலைப்பட்டு எழுதியிருந்தவர்களுக்கு: வந்தாள், சாப்பிட்டாள், தூங்கத்தான் இல்லை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எளாவூரைத் தாண்டிப் புன்னைப்பேட்டில், ஏரிக்கரையை ஒட்டிப் பதினோரு வீடுகள். எல்லா வீட்டுக் கதவிலும் போன மாதம் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏரிக்குள் வீடு கட்டியிருக்கிறீர்கள், காலி செய்யுங்கள், ஆட்சேபணை இருந்தால் வியாழக்கிழமை நேரில் வந்து சொல்லுங்கள் என்று.

சோனியா விடவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, வெள்ளைக்காரன் காலத்துக் கிராமப் படம் ஒன்றின் நகலை வாங்கிவிட்டாள். அந்தப் படத்தில் ஏரிக்கரை இப்போது இருக்கிற இடத்தில் இல்லை. வடக்கே நன்றாகத் தள்ளி இருக்கிறது. கரைக்கு வெளியே குட்டிக் குட்டிக் கட்டங்களாக வீடுகள், பக்கத்தில் கல்லறை இருப்பதற்கு அடையாளமாக ஒரு சிலுவைக் குறி. அதே காலத்துப் பதிவு ஒன்றில் அந்த மனைக்கு உரியவர் என்று ஒரு பெயரும் இருந்தது. தாவீது.

அதாவது இவர்கள் ஏரிக்குள் போகவில்லை. எப்போதோ வெள்ளத்தில் கரை உடைந்து, மறுபடி கட்டும்போது தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். ஏரிதான் இவர்களைத் தேடி வந்திருக்கிறது.

தாவீது, சோனியாவின் அப்பா தேசப்பனுக்குத் தாத்தா. அப்புறம் என்ன, படத்தைக் காட்டி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்.

அந்தக் காலனியில் எல்லோருக்கும் இரண்டு பெயர். சர்ச்சில் தேசப்பனின் பெயர் இம்மானுவேல். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் ரோலிங் மில் கேட் பாஸிலும் தேசப்பன், த/பெ முனுசாமி, இந்து. கிறிஸ்தவர் என்று எழுதினால் எஸ்.சி. சான்றிதழ் கிடையாது என்பது சட்டம். சர்ச்சுக்குப் போகிறவனை ஊர்க்காரன் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறானா என்றால், அதெல்லாம் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், மற்ற நாளைக்கு ஒரு பெயர் என்று இரண்டு தலைமுறையாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மகள் பிறந்தபோதுதான் தேசப்பன் நன்றாக யோசித்து, எந்தப் பக்கத்திலும் யாரும் வாய் திறக்க முடியாத பெயராக ‘சோனியா’ என்று வைத்தார்.

அந்த சோனியா எஸ்.சி. ஒதுக்கீட்டில் குரூப் ஃபோர் பாஸ் செய்துவிட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அந்தப் பதினோரு வீட்டிலும் இதுதான் முதல் அரசாங்க வேலை. தாவீது எங்கள் தாத்தா என்று சொன்னால் வீடு பிழைக்கும். சொன்னது யார் காதிலாவது விழுந்து ஒரு மொட்டைப் பெட்டிஷன் போனால் வேலை போய்விடும்.

வியாழக்கிழமையும் விடிந்துவிட்டது.

*

“பேர சொல்லலாமா, வாணாமா?” என்றார் தேசப்பன்.

ஷேர் ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மில்லில் ஃபர்னஸ் பக்கமே வருஷக்கணக்காக நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசினால் டிரைவருக்கும் கேட்கும், எதிரே வருகிற லாரிக்காரனுக்கும் கேட்கும்.

“நைனா, மெதுவா பேசு.”

“மெதுவாத்தானே கேட்டேன்?”

“அங்க வந்து நீ ஒண்ணும் பேசாத. நான் பேசிக்கிறேன்.”

“நீ இன்னா பேசுவ?”

சோனியா கவரை மார்போடு அணைத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்க இரண்டு பக்கமும் யோசித்துவிட்டாள். ஒரு பக்கம் புரண்டால் வீடு, மறுபக்கம் புரண்டால் வேலை. விடியும்போது மிச்சமாக இருந்தது பயம் ஒன்றுதான்.

“அம்மாக்கு சொன்னியா?” என்றார் தேசப்பன், இந்த முறை நிஜமாகவே மெதுவாக.

“இல்ல. படம் ஒண்ணு கெடச்சிதுன்னு மட்டும் சொன்னேன். சிலுவை கீது, தாவீது பேரு கீதுன்னு சொன்னா அது பயந்துகினு சோறு கூட தின்னாது.”

“அதுவும் சரிதான்.”

சரியில்லை. அம்மாவிடம் மறைத்தது நல்லெண்ணத்தில் செய்த தப்பு. நல்லெண்ணத்தில் செய்கிற தப்பைத் திருத்துவது கஷ்டம், செய்கிறவர்களுக்கே அது தப்பென்று தெரியாது.

*

அங்கே வீட்டில் சோனியாவின் அம்மா செண்பகம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவன் சந்திரமோகன்.

ஏரிக்குக் கிழக்கே இருந்த நெல்வயல் முழுக்க அவன் அப்பாவுடையது. இப்போது அதில் பாதி லாரி நிறுத்துமிடம். செக்போஸ்ட்டில் காத்துக்கிடக்கிற லாரிகளுக்கு அந்த இடமும் போதவில்லை. அடுத்து எந்த இடம் வேண்டும் என்று கேட்டால், பதினோரு வீட்டின் பக்கம்தான் அவன் கண் போகும். செண்பகத்தின் மாமியார் அந்த வயலில் நாற்று நட்டவள். மீசை முளைத்த நாளிலிருந்தே சந்திரமோகன் செண்பகத்தை ரோட்டில் நின்றபடி, “ஏ, தேசப்பன் ஊட்டுக்காரி!” என்றுதான் கூப்பிடுவான்.

இன்று வாசல்படி வரை வந்தான்.

“இன்னா அக்கா, நாஷ்டா ஆச்சா?”

அவன் வாயிலிருந்து ‘அக்கா’ வந்ததுமே செண்பகம் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். “ஆச்சு சார். அவரு இல்லியே. ஆபீஸுக்குப் போயிக்கீறாரு” என்றாள்.

“தெரியும் தெரியும். நான் உங்கள பாக்கத்தான் வந்தேன். சோனியா வேலைக்கு போவப் போவுதாமே? சந்தோஷம். ஆனா ஒரு விஷயம் காதுல விழுந்துச்சு. சொல்லாம இருக்க மனசு வரல.”

“இன்னா சார்?”

“அது சர்டிபிகேட் விஷயமா விசாரிக்க இன்னைக்கி ஆபீஸர் வருவாரு. நெஜமாவே எஸ்.சி. தானா, மாறினவங்களான்னு பாப்பாங்க. ஊட்டுக்குள்ள இன்னா சாமி படம் மாட்டிக்கீதுன்னு பாப்பாங்க. அப்பால...” என்று நிறுத்தி ஏரிப் பக்கம் பார்த்தான். “கல்லறை பக்கம் போனாலும் போவாங்க. அங்க கல்லுல பேரு கீரு வெட்டி வெச்சிருந்தா பேஜாரு. எனக்கு இன்னா வந்துது? பொண்ணு நல்லா படிச்ச பொண்ணாச்சேன்னு சொன்னேன். வரேன் அக்கா.”

கார் போய்விட்டது. அவன் சொன்னது பச்சைப் பொய் என்று நமக்குத் தெரியும். சோனியா திருவள்ளூருக்குப் போய்ப் பழைய படம் வாங்கி வந்தது ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. படத்தைப் பார்க்கிற எந்த அதிகாரியும் அடுத்து இடத்தைப் பார்க்க வருவார் என்பது நிலம் வாங்கி விற்கிற சந்திரமோகனுக்குத் தெரியாதா? பத்திரமும் படமும் அவனுக்கு அத்துப்படி. செண்பகத்துக்குத்தான் ஒன்றும் தெரியாது.

அவள் ஈரக்கையோடு உள்ளே ஓடினாள். சுவரில் இருந்த ஏசு காலண்டரைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் செருகினாள். டிரங்குப் பெட்டியிலிருந்து திருத்தணி முருகன் படத்தை எடுத்து அதே ஆணியில் மாட்டினாள். நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள். கிராம அலுவலர் வருகிற ஒவ்வொரு முறையும் கல்யாணமாகி வந்த நாள் முதல் இதைச் செய்து பழகியவள். கண்ணாடி கூடப் பார்க்காமல் பொட்டு நடுநெற்றியில் உட்கார்ந்தது.

பக்கத்து வீட்டு ஹெலன் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி, வெறும் நாள்ல பொட்டு?”

“ஆபீஸர் வராராம்க்கா.”

ஹெலனுக்கு அது போதும். தன் வீட்டுக் காலண்டரைக் கழற்றிவிட்டுப் பொட்டு வைத்துக்கொள்ளப் போய்விட்டாள்.

செண்பகத்துக்கு வீட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. கல்லறை மட்டும் பாக்கி. அங்கே மற்ற எல்லாமே வெறும் மண்மேடு. தாவீதின் தலைமாட்டில் மட்டும் ஒரு கருங்கல் பலகை. மேலே சிலுவை, கீழே பெயர். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்திப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆனால் யாரும் அதைப் போட்டோ எடுக்கக் கூடாது. அது செண்பகம் போட்ட சட்டம். போட்டோ என்று ஒன்று இருந்தால் என்றைக்காவது ஒருநாள் பார்க்கக் கூடாதவன் பார்த்துவிடுவான் என்பாள்.

கல்லைத் தொடலாமா? செத்தவர்களுடைய கல்லாயிற்றே. நடுவீட்டில் நின்றுகொண்டு அவள் அழுதாள்.

*

துணைத் தாசில்தார் அருணாச்சலம் கெட்டவர் இல்லை. நாள் முழுக்க ஆட்சேபணை கேட்டுக் கேட்டு யாரையும் நம்பாமல் போய்விட்ட மனிதர், அவ்வளவுதான். படத்தை மேஜையில் விரித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“கரை மாறியிருக்கு. உண்மைதான்” என்றார். “இதை எங்கே பிடிச்சீங்க?”

“திருவள்ளூர்ல சார்.”

“சரி. படம் இருக்கு. தாவீதுன்னு பேரும் இருக்கு. ஆனா நோட்டீஸ்ல இருக்கறது தேசப்பன், தகப்பன் பேர் முனுசாமி. இந்தத் தாவீது உங்களுக்கு யாரு?”

தேசப்பன் வாயைத் திறந்தார். மூடினார். மகளைப் பார்த்தார்.

கேள்வி இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சுற்றிலும் ஆட்கள். அடுத்த ஆட்சேபணைக்காரர் அவள் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறார். பக்கத்து மேஜைக்காரர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு இவளையே பார்ப்பது போல இருந்தது. தெரியாது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செவ்வாய்க்கிழமை நிம்மதியாகச் சென்னைக்குப் போகலாம்.

போய்விட்டு எந்த வீட்டுக்குத் திரும்பி வருவது?

“கொள்ளுத்தாத்தா சார்” என்றாள். “நைனாவோட தாத்தா.”

“கிறிஸ்தவப் பேராச்சே?”

“ஆமா சார்.”

அருணாச்சலம் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஏதோ கேட்க வந்து, கேட்காமல் விட்டார். அந்தக் கேட்காத கேள்விதான் சோனியாவை அதிகம் பயமுறுத்தியது.

“எனக்கு வேண்டியது எடம் மட்டும்தான்” என்றார். “நீங்க அவர் வம்சம்தான்கறதுக்கு என்ன இருக்கு?”

“கல்லறை கீது சார். படத்துல குறி போட்ட அதே எடத்துல. கல்லுல பேரு வெட்டிக்கீது. நாங்கதான் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறோம்.”

“போட்டோ?”

“இல்ல சார்.”

“இந்தக் காலத்துல போட்டோ கூடவா இல்ல?” அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “எளாவூர் பக்கம் இன்னொரு வேலை இருக்கு. வாங்க, ஜீப்லயே போய்ப் பாத்துடலாம். கல்லு நீங்க சொல்ற மாதிரி பழசா இருந்தா, வீடுங்களை லிஸ்ட்லேர்ந்து எடுக்க நானே எழுதறேன்.”

தேசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. “கர்த்தரே” என்றார், அவருக்கே உரிய சத்தத்தில். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. சோனியா அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

*

ஜீப் பைபாஸில் ஏறியதும் சோனியா வீட்டுக்கு போன் போட்டாள். அதிகாரி முன்சீட்டில், அவள் பின்சீட்டில்.

“அம்மா, ஆபீஸர் கூட வந்துகினு கீறேன். கல்லறைய பாக்கணுமாம்.”

“எதுக்கு பாக்கணுமாம்?”

அருணாச்சலத்தின் காது இந்தப் பக்கமே இருப்பது போலப்பட்டது சோனியாவுக்கு. அம்மாவிடம் எதை விளக்கப் போனாலும், அம்மா பதற்றத்தில் ஏசு காலண்டர், முருகன் படம் என்று ஆரம்பித்துவிடுவாள். போனில் பேசுவது ஜீப் முழுக்கக் கேட்கும்.

“வந்து சொல்றேன். நீ ஊட்லயே இரு. ஒண்ணும் பயப்படாத.”

ஒண்ணும் பயப்படாத என்று சொன்னால் பயப்படாத அம்மா எங்கேயாவது உண்டா?

சந்திரமோகன் சொன்னான், அதிகாரி வருவார், கல்லறைக்குப் போவார் என்று. இப்போது பெற்ற மகளே அதைத்தான் சொல்கிறாள். மகள் குரலும் சரியில்லை, பிடிபட்டவள் மாதிரிப் பேசுகிறாள். செண்பகத்துக்கு மீதி இருந்த சந்தேகமும் போய்விட்டது. போனைத் திண்டில் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் இருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கல்லறைப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் தாவீதின் தலைமாட்டில் மண்டியிட்டாள்.

“தாத்தா, மன்னிச்சிக்கோ. உம் பேரன் பொண்ணு வேலைக்கு போவட்டும். அப்பால நானே எடுத்தாந்து வெச்சிர்றேன்.”

கல் லேசில் வரவில்லை. சுற்றித் தோண்டி, கடப்பாரையை அடியில் கொடுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு நெம்பினாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. சிமென்ட் கோணியில் உருட்டி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். கரையோரம் முழங்கால் ஆழம்தான். ஆனால் ரோட்டுக்கு மண் போட லாரி லாரியாகச் சவுடு எடுத்ததில், நாலடி தள்ளிப் போனால் கிடங்கு, பெரிய பள்ளம். எவ்வளவு ஆழம் என்று காலனியில் யாருக்கும் தெரியாது. ஆடு ஒன்று போன மழையில் அதில் இறங்கித் திரும்பி வரவே இல்லை. செண்பகத்துக்கு நீச்சல் தெரியாது. கிடங்கின் விளிம்பு வரைக்கும் காலால் தடவித் தடவிப் போய், கல்லைத் தள்ளிவிட்டாள்.

ஆகாயத்தாமரை விலகியது, மறுபடி சேர்ந்துகொண்டது. அவள் கரையேறி நின்று கும்பிட்டாள். அவளுக்கு மனசு கொஞ்சம் லேசாகக்கூட ஆயிற்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தோண்டின குழியை மூடலாம் என்று திரும்பும்போது ஜீப் சத்தம் கேட்டது.

*

தேசப்பன்தான் முன்னால் நடந்தார். ஆள் பத்து வயசு குறைந்தது போல வேகமாக நடந்தார். “தோ சார், இப்டி வாங்க சார். அந்த வேப்பமரத்துக்கு அப்பால. எங்கப்பா கைய புடிச்சிகினு இட்டாந்து காட்டின எடம் சார்.”

பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

சோனியா ஓடி வந்து பார்த்தாள். அந்த இடத்தில் குழி ஒன்று இருந்தது. ஈரமண் இன்னும் காயவில்லை. பக்கத்தில் அம்மா, முட்டி வரை சேறு, கையில் கடப்பாரை, நெற்றியில் பொட்டு.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

அருணாச்சலத்துக்கும் புரிந்தது. ஆனால் அவருக்குப் புரிந்தது வேறு.

“ஓஹோ” என்றார். “நேத்து படம் வாங்கறீங்க. இன்னைக்குப் படத்துல குறி போட்ட எடத்துல குழி தோண்டறீங்க. நான் கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன் போலிருக்கு. கல்லு இனிமேதான் வரணுமா? எங்க ஆர்டர் குடுத்திருக்கீங்க?”

“ஐயோ, அப்டி இல்ல சார்! கல்லு இங்கதான் இருந்துச்சு சார்!” என்றாள் சோனியா.

“நானும் பாத்துக்கீறேன் சார்” என்று ஹெலன் ஓடி வந்தாள். “பேரோட, சிலுவையோட பெரிய கல்லு.”

“உங்க வீட்டுக்கும் நோட்டீஸ் வந்திருக்கா?”

“வந்துக்கீது சார்.”

“அப்ப நீங்க சொல்றது எப்படிம்மா சாட்சியாகும்? அதுவும் பொட்டு வெச்சிக்கிட்டு, சிலுவைக் கல்லுக்கு.”

ஹெலனின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

அருணாச்சலம் செண்பகத்தின் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. தாவீதுன்னு உங்க குடும்பத்துல யாராவது உண்டா?”

இந்தக் கேள்விக்குத்தான் செண்பகம் காலையிலிருந்து தயாராகிக்கொண்டிருந்தாள். மகளுடைய முகத்தைப் பார்த்திருந்தால் கூட நிறுத்தியிருப்பாள். பார்க்கவில்லை. பார்த்தால் எங்கே உண்மை வந்துவிடுமோ என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்படி யாரும் எங்க ஊட்ல கெடையாது சார். நாங்க திருத்தணி முருகனுக்கு முடி எடுக்கறவங்க. வேணும்னா ஊட்டாண்ட வந்து பாருங்க, படம் மாட்டிக்கீது.”

“அம்மா!”

“உங்கம்மாவே இல்லைங்கறாங்க” என்றார் அருணாச்சலம். ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார். “தப்பும்மா இது. படிச்ச பொண்ணு நீ. இல்லாத கல்லறைய உண்டாக்கப் பாத்தீங்கன்னு நான் எழுதித்தான் ஆகணும். அப்புறம் ஜேசிபி வந்தா என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

ஜேசிபி என்ற வார்த்தை செண்பகத்தின் தலையை நிமிர்த்தியது. சர்டிபிகேட் விசாரணைக்கு வந்தவர் எதற்கு ஜேசிபி பற்றிப் பேசுகிறார்?

“சோனியா, இவரு உன் வேலைக்கு விசாரிக்க வந்தவரு இல்லியா?”

“இல்லம்மா, ஊட்டுக்கு. நம்ம ஊடு ஏரில இல்லன்னு காட்டறதுக்கு அந்தக் கல்லுதாம்மா ஆதாரம். தாவீது எங்க கொள்ளுத்தாத்தான்னு நான் ஆபீஸ்லயே சொல்லிட்டேம்மா.”

“சொல்லிட்டியா? வேலை?”

“போனா போவட்டும்மா. கல்லு எங்க?”

செண்பகம் கடப்பாரையைக் கீழே போட்டாள். திரும்பினாள். ஏரியை நோக்கி நடந்தாள். முதலில் எல்லோரும் கல்லை மறைத்து வைத்த இடத்தைக் காட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தார்கள். முழங்காலளவு தண்ணீரைத் தாண்டியும் அவள் நிற்காதபோதுதான் சோனியா வீறிட்டாள்.

“அம்மா! கெடங்கு! அங்க போவாத!”

தேசப்பனுக்கு அது கேட்டதோ இல்லையோ, கண்ணால் பார்த்துவிட்டார். செருப்போடு தண்ணீரில் பாய்ந்தார். ஆகாயத்தாமரை காலில் சுற்றி அவரை விழத் தட்டியது.

செண்பகம் இடுப்பளவு ஆழத்தில் இருந்தாள். அப்புறம் மார்பளவு. காலால் துழாவிக்கொண்டே போனாள். கீழே சேறுதான் பட்டது, கல் படவில்லை. இங்கேதானே தள்ளினோம், இன்னும் ஒரு அடி போனால் கிடைக்காதா என்று அவள் கால் விளிம்பைத் தேடியது. தண்ணீர் கழுத்துக்கு வந்தது. அவள் தலை ஒருமுறை உள்ளே போய் மேலே வந்தது. நெற்றியிலிருந்த குங்குமம் கரைந்து மூக்கில் வழிந்தது. தேசப்பன் எழுந்து, நீந்தி, அவள் முந்தானையைப் பிடித்துவிட்டார்.

“வுடுய்யா! கல்லு இங்கதான் கீது!”

“கல்லும் வாணாம், மண்ணும் வாணாம். வாமே!”

அவள் வரவில்லை. புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பினாள். கல் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி கொடுப்பதற்கு அவளிடம் வாய்ச்சொல் ஒன்றுதான் இருந்தது.

“சார்! நான்தான் சார் பேத்து போட்டேன்! பொண்ணு மேல தப்பு இல்ல! தாவீது எங்க மாமனாரோட அப்பா சார்! நாங்க எல்லாம் சர்ச்சுக்கு போறவங்க சார்! எழுதிக்கோங்க!”

அருணாச்சலம் பேனாவைப் பிடித்தபடி சிலையாக நின்றார். அவர் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. சோனியாவின் கண் மட்டும் அம்மாவைத் தாண்டி, எதிர்க்கரைக்குப் போனது. அங்கே கார் நின்றது. காருக்கு முன்னால் சந்திரமோகன், செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு.

“காத்துல சரியா கேக்கல!” என்று அங்கிருந்து கத்தினான். “இன்னொரு தடவ சத்தமா சொல்லுங்க!”

“அம்மா, சொல்லாதம்மா!” என்று சோனியா அலறினாள்.

காதெல்லாம் தண்ணீர் செண்பகத்துக்கு. மறுபடி சொல்லச் சொன்னது அதிகாரிதான் என்று நினைத்துக்கொண்டு, முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல், இன்னும் சத்தமாகச் சொன்னாள்.